குப்பைத் தொட்டி வழியாக வந்த பிளாப்பி

புதுவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தொண்ணூறுகளில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டி.டி.பி. கடையில், அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கணினியில் தயாரிக்கும் கடையில், வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்து, பிளாப்பி என்ற சின்னக் காந்த வட்டில் பதிந்து அச்சகத்துக்கு அனுப்புவோம். கடையில் ஒரு பி.சி.யும் ஆப்பிள் கம்பெனியின் மெக்கின்டாஷ் கணினி ஒன்றும் இருந்தன.

பி.சி.யில் பிளாப்பியைச் செருகும் டிரைவில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் பிளாப்பி வெளியே வந்துவிடும். உள்ளே எழுதி முடிந்ததா என்று அந்தப் பொத்தானுக்குத் தெரியாது. பக்கத்திலிருக்கும் சின்ன விளக்கு அணைந்துவிட்டதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். ஒருநாள் மாலை, பாண்டி பஸ்ஸுக்கு ஆள் காத்திருந்த அவசரத்தில், விளக்கு எரியும்போதே அழுத்திவிட்டேன். எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணை பாதியில் நின்றுபோனது. அச்சகத்தில் கோப்பு திறக்கவே இல்லை. இரவு முழுக்க உட்கார்ந்து மறுபடி அடித்தேன்.

மெக்கின்டாஷில் பொத்தானே கிடையாது. முன்பக்கம் ஒரு நீளத் துளைதான். 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷிலிருந்தே அப்படித்தான். திரையில் தெரியும் பிளாப்பிப் படத்தை மவுஸால் இழுத்து, அதே திரையில் இருக்கும் குப்பைத் தொட்டிப் படத்தில் போட வேண்டும். மிச்சம் எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டு, உள்ளே மோட்டார் ஓடி, பிளாப்பி மெல்ல வெளியே வரும். ஏதாவது கோப்பு திறந்திருந்தால் தர மறுத்துவிடும்.

புதிதாக வந்த பையன் பதறிவிட்டான். "அக்கா, குப்பையில போடச் சொல்றீங்களே, எல்லாம் அழிஞ்சிடாதா?" அவன் கேட்டது நியாயம். அழிக்கிற இடத்தையே திருப்பித் தருகிற இடமாகவும் வைத்தது பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வேலையை முடித்துவிட்டுத்தான் தருவேன் என்ற அந்த ஏற்பாடு அருமையானது.

கரண்ட் போனால் பிளாப்பி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதற்காகவே டிரைவ் ஓரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஜெம் கிளிப்பை நிமிர்த்தி நூலில் கட்டி மேசைக் காலில் தொங்கவிட்டிருந்தோம். கடலூரில் அதற்கு நிறையவே வேலை இருந்தது.

பின்னாளில் மெக்கின்டாஷின் புதிய இயங்குதளமான மேக் ஓ.எஸ். எக்ஸில் அந்தக் குறையைச் சரிசெய்தார்கள். வட்டின் படத்தை இழுக்கத் தொடங்கியதும் குப்பைத் தொட்டி மறைந்து, வெளியேற்றும் குறி வந்து நிற்கும். அதற்குள் பிளாப்பியின் காலம் முடிந்துவிட்டது. 1998-இல் வந்த ஐமேக் என்ற ஆப்பிள் கணினியிலேயே அந்தத் துளை இல்லை.