கோபம் ஒரு கார்டு மேல், முடிவு இன்னொரு கார்டில்

[திரையில்: மூன்று ஸ்கோர் கார்டுகள்]

2017 செப்டம்பர் 16, லாஸ் வேகஸ். குத்துச்சண்டை வீரர்கள் கெனாடி கோலோவ்கினும் கனெலோ ஆல்வரெஸும் 12 ரவுண்டு மோதி முடித்துவிட்டார்கள். குத்துகளை எண்ணிச் சொல்லும் காம்ப்யூபாக்ஸின் கணக்குப்படி கோலோவ்கினின் குத்துகளில் 218 இலக்கில் பட்டன. கனெலோவின் குத்துகளில் 169. ரிங்குக்கு வெளியே உட்கார்ந்து புள்ளி போடும் மூன்று நடுவர்களின் கார்டுகள் வாசிக்கப்படுகின்றன. நடுவர் டேவ் மொரெட்டி: 115-113, கோலோவ்கினுக்கு. டான் டிரெல்லா: 114-114. அடலெய்டு பேர்ட்: 118-110, கனெலோவுக்கு. ஆக, டிரா.

பேர்ட் கொடுத்த கணக்கில் கோலோவ்கினுக்கு இரண்டே ரவுண்டுகள். உலகமே அவர் மேல் பாய்ந்தது. எனக்கும் அந்தக் கார்டு ஏற்புடையது அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேர்ட் 118-110 என்று போடாமல், 115-113 என்று கனெலோவுக்குக் கொடுத்திருந்தாலும் முடிவு இதேதான்.

ஏனென்றால் மூன்று கார்டுகளையும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒரு கார்டு, ஒரு ஓட்டு. பத்து ரவுண்டு வித்தியாசமானாலும் சரி, ஒரு ரவுண்டு வித்தியாசமானாலும் சரி, ஓட்டு ஒன்றுதான்.

[திரையில்: டிரெல்லாவின் கார்டு, 7ஆவது ரவுண்டு]

இப்போது யாரும் அதிகம் திட்டாத டிரெல்லாவின் கார்டுக்கு வருவோம். ஏழாவது ரவுண்டை மொரெட்டி கோலோவ்கினுக்குக் கொடுத்தார். பேர்ட்கூட கோலோவ்கினுக்குத்தான் கொடுத்தார். டிரெல்லா மட்டும் கனெலோவுக்குக் கொடுத்தார். அந்த ஒரு ரவுண்டு மாறியிருந்தால் அவருடைய கார்டு 115-113 என்று கோலோவ்கின் பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டு ஓட்டுகள், வெற்றி! அது நடக்கவில்லை. மறு வருஷம் நடந்த மறுபோட்டியில் 115-113, 115-113, 114-114 என்று கனெலோ ஜெயித்தார். கோலோவ்கினின் தொழில்முறை வாழ்க்கையில் அதுதான் முதல் தோல்வி.

சரி, இந்த எண்கள் எப்படி வருகின்றன? ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு வழக்கமாக 9. கீழே விழுந்து எழுந்தால் பெரும்பாலும் 8. சமம் என்று பட்டால் 10-10. இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மூன்று நிமிடமும் எதிராளியைக் கயிற்றோடு சாய்த்து அடித்தாலும் 10-9; இரண்டு ஜாப் (முன்னால் நீட்டிய கையால் போடும் நேர்க்குத்து) கூடுதலாகப் போட்டு மயிரிழையில் ஜெயித்தாலும் 10-9.

[திரையில்: மேடிசன் ஸ்கொயர் கார்டன், 1999]

இதற்கு என்னால் மறக்க முடியாத உதாரணம் லெனாக்ஸ் லூயிஸ் – இவாண்டர் ஹோலிஃபீல்டு முதல் போட்டி. 1999 மார்ச் 13, நியூயார்க். ஹெவிவெயிட்டில் ஒரே சாம்பியன் யார் என்று தீர்மானிக்க வேண்டிய இரவு. லூயிஸின் 348 குத்துகள் பட்டன, ஹோலிஃபீல்டின் குத்துகளில் வெறும் 130. ஐந்தாவது ரவுண்டில் லூயிஸ் அவரை மூலையில் நிறுத்திப் புரட்டி எடுத்தார். அந்த ரவுண்டைத்தான் நடுவர் யூஜினியா வில்லியம்ஸ் ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்தார்! அவருடைய கார்டு: 115-113, ஹோலிஃபீல்டு. தென்னாப்பிரிக்காவின் ஸ்டான்லி கிறிஸ்டோடூலு: 116-113, லூயிஸ். பிரிட்டனின் லாரி ஓ'கானல்: 115-115. மறுபடியும் டிரா.

விசாரணையில் அந்த ரவுண்டின் பதிவைப் பார்த்த பிறகு, அது லூயிஸுடையதுதான் என்று வில்லியம்ஸ் ஒப்புக்கொண்டார். தன் இடத்திலிருந்து பார்வை மறைந்ததாகவும் சொன்னார். அது நடக்கக்கூடியதே, ரிங்கின் மூன்று பக்கங்களில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருக்கும் நடுவர்களுக்குச் சில நேரம் வீரரின் முதுகு மட்டும்தான் தெரியும்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்தாவது ரவுண்டைத் திருத்தினால் வில்லியம்ஸின் கார்டு 114-114. லூயிஸுக்கு அப்போதும் ஒரே ஓட்டு. அப்போதும் டிரா! ஓ'கானலின் 115-115 அப்படியே நிற்கிறதே. லூயிஸும் பிரிட்டன்காரர்; சொந்த நாட்டு வீரருக்கே சமம் போட்டவர் என்பதால், அந்தக் கார்டின் பக்கம் கோபம் அவ்வளவாகப் போகவில்லை.

எட்டு மாதம் கழித்து மறுபோட்டியில் லூயிஸ் மூன்று கார்டிலும் ஜெயித்தார்.

இன்னொரு வகையும் உண்டு. 2012 ஜூன் 9, மேனி பாக்கியாவ் – டிமோதி பிராட்லி. மூன்று நடுவர்களும் 115-113 என்றுதான் போட்டார்கள். இருவர் பிராட்லிக்கு, ஒருவர் பாக்கியாவுக்கு. தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் கார்டே இல்லை. பிறகு உலகக் குத்துச்சண்டைப் பட்டங்களை வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிஓ ஐந்து நடுவர்களைக் கொண்டு பதிவைப் பார்க்கவைத்தது. ஐவரும் பாக்கியாவ் ஜெயித்ததாகச் சொன்னார்கள். அதிகாரபூர்வ முடிவு மட்டும் மாறவே இல்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். சண்டை முடிந்ததும் அடி வாங்கி முகம் வீங்கிய வீரர்களிடம் மைக்கை நீட்டுகிறார்கள். தீர்ப்பு எழுதிய மூவரும் எழுந்து போய்விடுகிறார்கள். மற்ற இருவரும் ஒரு பக்கம் கொடுத்த ரவுண்டை ஒருவர் மட்டும் மாற்றிக் கொடுத்தால், எந்தக் குத்தைப் பார்த்து அப்படிக் கொடுத்தார் என்று அந்த வாரமே அவர் பொதுவில் விளக்க வேண்டும். ஊழல் என்று கத்துவதைவிட இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேவை.

நடவடிக்கையே எடுத்ததில்லை என்றும் சொல்ல முடியாது. 2011 ஜூலையில், அட்லாண்டிக் சிட்டியில் எரிஸ்லாண்டி லாராவைப் பால் வில்லியம்ஸ் ஜெயித்ததாக அறிவித்தபோது, போட்டிகளைக் கண்காணிக்கும் நியூ ஜெர்சி மாநில ஆணையம் மூன்று நடுவர்களையும் இடைநீக்கம் செய்தது. லாராவின் கணக்கில் அந்தச் சண்டை இன்றைக்கும் தோல்விதான்.