மகள் வீட்டு ஃபர்னஸ் ஏன் அணைந்து அணைந்து எரிகிறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் ஏர்கோன் கம்ப்ரசர் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறேன், பின்னால் தெரிகிறது பாருங்கள். அது அடுத்த வாரம் போகட்டும். புக்கிட் மெர்தாஜாமில் இருந்து ஓர் அம்மா அனுப்பிய கேள்வி மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது. முதலில் படித்துவிடுகிறேன்.

"ஐயா, என் மகளும் மருமகனும் கனடாவில் கால்கரியில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறார்கள். கீழே நிலவறையில் கேஸ் ஃபர்னஸ் இருக்கிறது. குளிர் தொடங்கும் முன்னால் பழையதை எடுத்துவிட்டுப் புதியது போட்டார்கள். முன்பு இருந்ததைவிடப் பெரியது, ஒரு லட்சம் பிடியு. அது ஐந்து நிமிடம் எரிகிறது, அணைகிறது, கொஞ்சம் கழித்து மறுபடி எரிகிறது. மேல்மாடியில் குளிர் போகவே இல்லை. ஆள் இல்லாத மூன்று அறைகளில் சூடு வரும் ஓட்டையை மூடித்தான் வைத்திருக்கிறோம். கேஸைக் கூட்டி வைத்தால் சரியாகுமா? எந்த ஸ்குரூ என்று சொல்லுங்கள், மருமகன் திருப்பிவிடுவார்."

வெளியே 32 டிகிரி, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எனக்கு வந்திருப்பது வீட்டைச் சூடாக்கும் கேள்வி! ஆனால் ஆள் தவறிக் கேட்கவில்லை அம்மா. என் பையன் அதே கனடாவில் எட்மன்டனில் இருந்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே இருந்தேன். வெளியே போக முடியாது. நிலவறைக்குப் போய் ஃபர்னஸ் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். "அப்பா டிவி பார்க்கிற மாதிரி அதைப் பார்க்கிறார்" என்று மருமகள் சொல்வாள்.

ஃபர்னஸ் என்றதும் இரும்பு உருக்கும் உலையை நினைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் அளவில் ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். பிடியு என்பது ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சூட்டைத் தள்ளும் என்ற அளவு. நம் ஊர் ஒரு குதிரைச் சக்தி ஏர்கோன் 9,000 பிடியு. அந்த அம்மா சொல்லும் ஒரு லட்சம் என்றால் பதினோரு ஏர்கோனுக்குச் சமம். ஏர்கோன் சூட்டை வெளியே தள்ளுகிறது, இது சூட்டை உள்ளே தள்ளுகிறது.

அது எப்படி எரிகிறது என்று பார்த்தால் அழகாக இருக்கும். சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் "குளிருது" என்று சொன்னதும் உடனே தீ வராது. முதலில் ஒரு சின்ன விசிறி சுற்றி, புகைபோகும் குழாயில் காற்றை இழுக்கும். காற்று போகிறதா என்று ஒரு பிரஷர் சுவிட்ச் பார்க்கும். போகவில்லை என்றால் கேஸ் திறக்காது. வெளியே குழாய் வாயைப் பனி அடைத்திருந்தால் அங்கேயே நின்றுவிடும். காற்று சரி என்றால் இக்னைட்டர் கம்பி செக்கச்செவேல் என்று பழுக்கும். அப்புறம்தான் கேஸ் வால்வு திறக்கிறது, தீ பிடிக்கிறது. தீ பிடித்ததா என்று ஊதுபத்தி தடிமனில் ஒரு கம்பி வேவு பார்க்கும். அரை நிமிடம் போனபின் பெரிய விசிறி சுற்றி வீட்டுக்குள் சூட்டை அனுப்பும்.

கவனித்தீர்களா? கேஸ் வருவதற்கு முன்னால் காற்றைப் பற்றிய விசாரணை முடிந்துவிடுகிறது. என் பழைய வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் பாடும் பாட்டு ஒன்றுதான்: கேஸைப் பார்க்காதே, காற்றைப் பார். ஒரு கன அடி இயற்கை எரிவாயு முழுசாக எரிய ஏறக்குறைய 10 கன அடி காற்று வேண்டும். நம் கேஸ் தோம்பில் இருக்கும் புரொபேனுக்கு இன்னும் பசி அதிகம், ஒன்றுக்கு 24. நீங்கள் பில் கட்டுவது அந்த ஒன்றுக்கு. மிச்சம் இலவசமாக வருகிறது, அதனால்தான் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

சரி, ஸ்குரூவுக்கு வருவோம். கேஸ் வால்வில் ஒரு மூடிக்குக் கீழே அழுத்தம் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூ உண்டு. உண்மைதான். போன வருடம் ரெகுலேட்டர் பற்றிப் பேசியபோது மீன் தொட்டி வைப்பவர்கள் வாங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை யு மாதிரி வளைத்து, சிரப் கலந்த தண்ணீர் ஊற்றி, கேஸ் அழுத்தம் அளக்கும் ஒரு மானோமீட்டர் செய்து காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கார அம்மா பண்டுங் கலக்க வைத்திருந்த சிரப். இப்போதும் அதற்காகத் திட்டு வாங்குகிறேன். நம் வீட்டு அடுப்பை அதில் மாட்டினால் இரண்டு பக்கத்துச் சிவப்புக் கோட்டுக்கும் 28 சென்டிமீட்டர் போல வித்தியாசம் காட்டும். கால்கரியில் குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அங்கே பர்னருக்குப் போகும் அழுத்தம் பொதுவாக 3.5 அங்குலத் தண்ணீர், அதாவது ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு தே தாரே கிளாஸ் உயரம். அவ்வளவு மெல்லிய அழுத்தத்தை, மீட்டர் மாட்டாமல், காதால் கேட்டு மருமகன் திருப்பப் போகிறாரா?

அழுத்தத்தை அளந்தபின் கேஸ் மீட்டரையும் பார்ப்பார்கள். வீட்டில் வேறு எந்த கேஸ் சாமானும் எரியாமல், மீட்டர் முள் ஒரு சுற்று சுற்ற எத்தனை விநாடி என்று எண்ணி, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கேஸ் போகிறது என்று கணக்குப் போட்டு, ஃபர்னஸ் கதவுக்குள் இருக்கும் தகட்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுவார்கள். கால்கரி வேறு 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர், காற்று மெலிது. நம் கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா இன்னும் உயரம். ஆனால் அங்கே ஃபர்னஸ் யாரும் வைப்பதில்லை, கம்பளிதான். மெலிந்த காற்றில் அதே கேஸை விட்டால் தீக்குப் பற்றாக்குறை வரும். அதனால் உயரத்துக்குத் தக்கபடி கேஸைக் குறைத்து அமைக்க, தயாரிப்பாளர் அட்டவணை கொடுத்திருப்பார். குறைக்க, அம்மா. கூட்ட இல்லை. இதெல்லாம் லைசென்ஸ் உள்ள கேஸ் ஃபிட்டர் வேலை.

இப்போது அந்தக் கேள்வியில் எனக்குப் பிடித்த வரிக்கு வருகிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறார் பாருங்கள்: "மூன்று அறைகளில் ஓட்டையை மூடித்தான் வைத்திருக்கிறோம்." எழுதும்போது அது சிக்கனம் என்று நினைத்திருப்பார். யார் சொல்லிக்கொடுத்த சிக்கனம் என்று நான் கேட்கவில்லை. ஆள் இல்லாத அறையில் விளக்கை அணைத்துவிட்டு வா என்று வளர்த்த பிள்ளைகள்தானே நாம் எல்லோரும்.

ஆனால் ஃபர்னஸ் விளக்கு இல்லை. தகரப் பெட்டிக்குள் தீ ஒரு இரும்புக் குழாய்க்குள் எரிகிறது, வீட்டுக் காற்று அந்தக் குழாயின் வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டு சூட்டை எடுத்துப் போகிறது. எடுத்துப் போக ஆள் குறைந்தால் சூடு அங்கேயே தங்கும். ஏர்கோன் ஃபில்டர் பற்றி நான் பேசியது இதற்கு நேர் தலைகீழ். அங்கே காற்று குறைந்தால் உள்ளே ஐஸ் கட்டும், இங்கே காற்று குறைந்தால் கொதிக்கும். கொதித்தால் லிமிட் சுவிட்ச் என்று ஒன்று தீயை அணைத்துவிடும். பெட்டி ஆறியதும் மறுபடி பற்றும், மறுபடி கொதிக்கும், மறுபடி அணையும். அந்த அம்மா சொல்லும் ஐந்து நிமிடக் கதை இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய வீட்டுக் காற்றுக் குழாய்கள் சின்ன ஃபர்னஸுக்கு அளவெடுத்து அடித்தவை. அதில் பெரிய ஃபர்னஸை மாட்டினார்கள். போதாததற்கு மூன்று ஓட்டையை அடைத்தாயிற்று. இந்த நிலையில் கேஸையும் கூட்டினால் இன்னும் சீக்கிரம் அணையும், மேல்மாடி இன்னும் குளிரும்.

இதைச் சோதிக்க ஸ்குரூடிரைவர் வேண்டாம். தீ அணையும் நேரத்தில் மருமகன் கீழே நிற்கட்டும். தெர்மோஸ்டாட் கேட்ட சூடு இன்னும் வரவில்லை, தீ மட்டும் அணைந்தது, பெரிய விசிறி விடாமல் சுற்றுகிறது என்றால் லிமிட் சுவிட்ச்தான். தெர்மோஸ்டாட் கேட்ட சூடு வந்துதான் அணைகிறது, அதுவும் ஐந்தே நிமிடத்தில் வந்துவிடுகிறது என்றால், ஒன்று ஃபர்னஸ் அந்த வீட்டுக்குப் பெரிது, அல்லது தெர்மோஸ்டாட் மேலேயே சூட்டுக்காற்று அடிக்கிறது. பற்றிய சில விநாடியிலேயே அணைகிறது, இரண்டு மூன்று தடவை முயன்று அப்புறம் பேசாமல் இருக்கிறது என்றால், அந்த ஊதுபத்திக் கம்பி.

அந்தக் கம்பி கதையைச் சொல்லாமல் போக முடியாது. எட்மன்டனில் ஒருநாள் ராத்திரி, வெளியே மைனஸ் 30, ஃபர்னஸ் பற்றிப் பற்றி அணைகிறது. பேத்திக்கு நாலு சட்டை போட்டுவிட்டோம். ஒரு ஃபிட்டர் வந்தார், கை நிறைய சாமான். ஒரே ஒரு ஸ்குரூவைக் கழற்றி அந்தக் கம்பியை உருவினார். மேலே மங்கலாக ஒரு படலம், நகத்தால் சுரண்டினாலும் தெரியாது. தீ வழியாக அந்தக் கம்பிக்கு ஓடும் மின்சாரம் ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்குதான். அந்தப் படலம் அதையும் தடுத்துவிட்டதால், எரிகிற தீயை இல்லை என்று மெசின் நினைத்துக்கொண்டது. மெல்லிய இரும்பு நாரால் நாலு தேய் தேய்த்து மாட்டினார். எரிந்தது. பாத்திரம் தேய்க்கிற வேலைக்கு அவ்வளவு பணமா என்று பையன் முணுமுணுத்தான். பாத்திரம் எது என்று தெரிந்திருப்பதற்குத்தான் பணம் என்றேன்.

மருமகன் தானாகச் செய்யக்கூடியது இதுதான். மூன்று ஓட்டையையும் திறக்கட்டும். ஃபில்டரை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும், வெளிச்சம் வரவில்லை என்றால் மாற்றட்டும். பிறகு தெர்மாமீட்டர் இரண்டு. ஒன்று ஃபர்னஸுக்குக் காற்று திரும்பிப் போகும் கிரில்லில், இன்னொன்று ஃபர்னஸுக்குப் பக்கத்தில் சூடு வெளிவரும் ஓட்டையில். பத்து நிமிடம் தொடர்ந்து எரிந்தபின் இரண்டையும் கழிக்கட்டும். உள்ளே போவது 20 டிகிரி, வெளியே வருவது 50 என்றால் வித்தியாசம் 30. ஃபர்னஸ் கதவுக்குள் இருக்கும் தகட்டில் இந்த வித்தியாசம் எதற்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். சிலவற்றில் 35 முதல் 65 என்று இருக்கும், பயந்துவிடாதீர்கள், அது பாரன்ஹீட். நம் கணக்கில் 19 முதல் 36. தாண்டினால் காற்று போதவில்லை. விசிறி வேகத்தைக் கூட்டலாமா, காற்றுக் குழாயைப் பெரிதாக்க வேண்டுமா என்று ஃபிட்டர் பார்க்க வேண்டும். ஃபர்னஸே பெரிது என்றால் அது போட்டவரிடம் பேச வேண்டிய விஷயம். பெரியது வாங்கினால் நல்லது என்பது அரிசி மூட்டைக்குச் சரி.

இப்படியே ரொம்ப நாள் கொதித்து அணைந்து ஓடினால் அந்த இரும்புக் குழாயில் விரிசல் விழலாம். அப்போது புகை வீட்டுக் காற்றோடு கலக்கும் ஆபத்து உண்டு. படுக்கை அறைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். புகையில் இருக்கும் அந்த விஷவாயுவுக்கு வாசம் கிடையாது, நிறம் கிடையாது. கேஸ் கசிந்தால் நாறும், ஏனென்றால் நாற்றத்தை வேண்டுமென்றே கலக்கிறார்கள். இதற்கு யாரும் கலக்கவில்லை.

இதைச் சொல்லும்போது உங்கள் எல்லோரிடமும் ஒரு குறை. இத்தனை வருடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர்கூட "என் சட்டி அடி ஏன் கறுக்கிறது" என்று என்னிடம் கேட்டதில்லை. கேஸ் தோம்பு விலை கேட்கிறீர்கள், எந்த அடுப்பு நல்லது என்று கேட்கிறீர்கள். சட்டி கறுத்தால் கரியைத் தேய்க்கிறீர்கள். கரி என்பது எரியாமல் போன கேஸ்! அடுப்பைத் திருப்பிப் பாருங்கள், பர்னர் குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னத் தகடு நகரும். காற்று வாசல் அது. ஆயர் ஈத்தாமில் எங்கள் சொந்தக்கார அக்கா ஒருவர் வடை போட்டு விற்கிறார். தீ மஞ்சளாக நாக்கு நீட்டுகிறது, ரெகுலேட்டரை மாற்றிவிட்டேன், தோம்பை மாற்றிவிட்டேன், கண் எரிகிறது என்றார். போய்ப் பார்த்தால் அந்தக் காற்று வாசலில் மாவும் எண்ணெயும் சேர்ந்து இறுகி, உள்ளே ஒரு கரப்பான் பூச்சி வேறு குடும்பம் நடத்துகிறது. பழைய பல் பிரஷ் ஒன்று கேட்டேன். துடைத்துத் தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினேன். மஞ்சள் சுருங்கி, நீலம் உட்கார்ந்தது. ரொம்பத் திறந்தால் தீ பர்னரை விட்டுத் தூக்கிக்கொண்டு சீறும், அப்போது ஒரு நூல் அளவு மூட வேண்டும். அக்கா ஜன்னலை வேறு காலண்டர் அட்டையால் அடைத்திருந்தார், காற்றில் தீ ஆடுகிறதாம். அதையும் எடுத்தேன். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் என்மேல் கோபம்.

குளியலறைக்குள்ளேயே கேஸ் வாட்டர் ஹீட்டர் மாட்டி, குளிருக்கு ஜன்னலில் பேப்பர் ஒட்டியிருந்ததை மலையில் ஒரு தங்கும் விடுதியில் பார்த்தேன். அன்று குளிக்காமலே கீழே இறங்கினேன். அதைப் பற்றித் தனியாக ஒரு வீடியோ போட வேண்டும், யாராவது கேள்வியாகக் கேளுங்களேன்.

அம்மா, இங்கே இரவு 10 மணி என்றால் குளிர்காலத்தில் அங்கே காலை 7. இன்றைக்கே போன் போட்டு அந்த மூன்று ஓட்டையையும் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு தெர்மாமீட்டர் காட்டிய எண்ணையும் தகட்டின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். அடுத்த வாரம் கம்ப்ரசர். இந்த மேசையை வீட்டில் திரும்பக் கேட்கிறார்கள்.