கடைசியாகக் குடித்தது எப்போது?
(கடலூர் டவுன்ஹாலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களே, மாமன்ற உறுப்பினர்களே, வர்த்தகர் சங்கத்துப் பெரியவர்களே, சால்வையோடு பண்ருட்டி முந்திரிப் பொட்டலமும் தந்த வரவேற்புக் குழுவினரே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் செவிலியர் மாணவிகளே, எல்லோருக்கும் வணக்கம். மாணவிகளுக்கு யாராவது நாற்காலி போடுங்கள். இந்தப் பேச்சே அவர்களுக்குத்தான்.

பொது மருத்துவமனை வார்டுகளில் மனநல மருத்துவர்களான எங்களைக் கூப்பிடும் விஷயங்களில் குடி, விஷம், பிரசவம் என்று மூன்றைப் பேச வந்தேன்.

மனநல மருத்துவர் என்றாலே நம் ஊரில் கீழ்ப்பாக்கம்தான் நினைவுக்கு வரும். கல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் கிரீந்திரசேகர் போஸ் 1933-லேயே பொது மருத்துவமனைக்குள் மனநலப் பிரிவு தொடங்கிவிட்டார். பொது மருத்துவமனையில் எங்களை அதிகம் கூப்பிடுவது எலும்பு முறிவு வார்டும் மெடிக்கல் வார்டும்தான். ‘நோய்க்கும் பார், பேய்க்கும் பார்’ என்றார்கள் பெரியவர்கள். அதில் நோய்தான் முன்னால் நிற்கிறது, கவனியுங்கள்.

பண்ருட்டிப் பக்கம் ஒருவர் பலா மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொள்கிறார் என்று வையுங்கள். வெள்ளி மாலை அட்மிஷன். சனிக்கிழமை காலையில் கை நடுக்கம், வேர்வை. ‘பயந்திருக்கார்’ என்று விட்டுவிடுவார்கள். ஞாயிறு இரவு போர்வையில் எறும்பு பொறுக்குகிறார், சுவரில் பாம்பு என்கிறார், காலில் கட்டிய எடையை அவிழ்த்துவிட்டுக் கிளம்புகிறார். ‘மரத்துல இருந்த முனி புடிச்சிருச்சு’ என்று மாமியார் விபூதியோடு வருகிறார். வார்டிலிருந்து எங்களுக்குச் சீட்டு வருகிறது: ‘மனநோயாளி, மாற்றிக்கொள்ளவும்.’

போய்ப் பார்த்தால், கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் சனி, வெள்ளி வரை வந்து நின்றுவிடுகிறார். இரண்டு விரலுக்கு நடுவே நூல் பிடித்ததுபோல் காட்டினால், இல்லாத நூலுக்குச் சிவப்பு நிறம் என்கிறார். மனைவியிடம் கேட்டால், ‘அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க டாக்டர்.’ மாமியார் பக்கத்திலேயே நிற்கிறாரே! மாடிப்படி ஓரம் கூட்டிப்போய்க் கேட்டால், ‘தெனம் ரெண்டு குவாட்டர்.’ 360 மில்லி! (சிரிப்பு) வெள்ளி மதியத்தோடு அது நின்றுபோயிருக்கிறது.

குடி நின்ற 6 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48-லிருந்து 96-க்குள் இந்தப் பிதற்றல். கவனிக்காவிட்டால் உயிரே போகும். இதை அடக்கும் மருந்து, கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபாம், இல்லையென்றால் குளோர்டையசிபாக்சைடு. மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடாலை மட்டும் போட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். குளுக்கோஸ் ட்ரிப்புக்கு முன்னால் தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி. மாற்றிச் செய்தால் கண் ஆடும், நடை தள்ளாடும், நினைவும் போய்விடலாம். கட்டிலோடு கட்டாதீர்கள், விளக்கை எரியவிட்டு, தெரிந்த முகம் ஒன்றைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். புதன்கிழமை தெளிந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? ‘மரத்துல மிச்சமிருந்த காயை எறக்கியாச்சா?’ முனி இறங்கிவிட்டது! நோய்க்கும் பார், பேய்க்கும் பார்.

விஷம் பற்றி ஒன்றே ஒன்று. எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் நாள் எழுந்து உட்கார்ந்து காபி குடிப்பார். கல்லீரல் கெடுவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். ‘நல்லாத்தானே இருக்கார்’ என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகாதீர்கள். வழக்குக்குப் பயந்தும் ஓடாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை, எண் 14416.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். பிரசவ வார்டு இன்னொரு மேடைக்கு.

இணை இயக்குநர் அவர்களே, எங்கே பேசினாலும் நான் கேட்பது இதைத்தான். கேஸ் ஷீட்டில் சர்க்கரை, பி.பி.க்குக் கீழே ஒரு வரி: ‘கடைசியாகக் குடித்தது எப்போது, எவ்வளவு?’ தேதியும் மணியும் எழுத இடம் வேண்டும். ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் மட்டும் போட்டால் எல்லாரும் ‘இல்லை’யில்தான் டிக் அடிப்பார்கள். கேட்க வேண்டியவர் ட்யூட்டி நர்ஸ். உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு, நோயாளியிடம் ஒரு முறை, வீட்டாரிடம் தனியே ஒரு முறை. மாதிரிப் படிவத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அச்சகம் வைத்திருக்கும் வர்த்தகர் சங்கத்து அன்பர்கள் முதல் ஆயிரம் தாளை அடித்துத் தந்தால், அதற்கும் இந்த மேடையிலேயே சால்வை போட ஏற்பாடு செய்யலாம். நன்றி, வணக்கம்.