அக்கா கையில் மொய் நோட்டு

(நினைவேந்தல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, அக்காவின் பிள்ளைகளே, பேரன் பேத்திகளே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அக்காவைத் தியாகி என்றார்கள், தெய்வத்தாய் என்றார்கள். பாசத்தில் சொன்ன வார்த்தைகள். ஆனாலும் எனக்கு அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தெய்வம் என்று சொல்லிவிட்டால், இவ்வளவையும் அவர் எப்படிச் செய்தார் என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். நாலு பேரை ஓரிடத்தில் கூட்டுவதும், கூடியவர்கள் கலைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு தொழில். அக்கா அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டவர். பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தின் நாட்களில் அவரோடு வேலை செய்தவன் நான். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இந்த ஊர் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்த காலத்தில் பிறந்தவர் அவர். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது சின்னப் பிள்ளை. சமஸ்தானத்தின் சொந்த நாணயமான அம்மன் காசைக் கையில் வைத்திருந்த ஞாபகம் அவருக்கு இருந்தது. பேரப் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வார். பள்ளிக்கூடம் போகவில்லை, ஆடு மேய்த்தார். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், மானாவாரி நிலத்தில் கடலை போட்டார், மழை ஏமாற்றிய வருஷம் கூலிக்குப் போனார். நம் ஊரில் அந்த வயதுப் பெண்கள் பலருக்கும் இதே கதைதான்.

1991-ல் அறிவொளி வந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். 9 வயதிலிருந்து 45 வயது வரை எழுதப் படிக்கத் தெரியாதவர்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். அக்காவுக்கு ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டியலில் அவர் பெயர் இல்லை. ‘கணக்குல நான் இல்லைன்னா திண்ணையிலயும் இருக்கக் கூடாதா?’ என்று கேட்டுவிட்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். தன் பெயரை எழுதப் பழகியதும், பக்கத்தில் இருப்பவருக்கு அவர் பெயரை எழுதிக் காட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் எங்களைப் போல அவரும் ஒரு தொண்டர். தொண்டர் என்றால் சம்பளம் கிடையாது. இங்கே இருக்கும் இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை விட, அக்கா செய்ததைப் பார்த்து நாங்கள் கற்றுக்கொண்டது அதிகம். வகுப்புக்கு ஒரு பெண் வரவில்லை என்றால், ‘ஏன் வரலை?’ என்று கேட்டு நாங்கள் வீட்டு வாசலில் போய் நிற்போம். அவள் தலையைக் குனிந்துகொள்வாள், மறுநாளும் வர மாட்டாள். அக்கா அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். அந்த வீட்டில் கடலை உரித்துக்கொண்டிருந்தால் கூட உட்கார்ந்து அவரும் உரிப்பார். பேச்சுவாக்கில் சிலேட்டை எடுப்பார். வகுப்பு அங்கேயே நடக்கும். மாமியார் காது கேட்க, ‘உன் பேரன் காயிதம் போட்டா அதை ஊரான் படிச்சுச் சொல்லணுமா?’ என்பார். அடுத்த வாரம் மாமியாரே மருமகளை அனுப்பி வைப்பார்.

அறிவொளியோடு சேர்ந்து பெண்கள் சைக்கிளும் ஓட்டப் பழகினார்கள். 1992-ல் மகளிர் தினத்தை ஒட்டி 1,500-க்கும் அதிகமான பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் ஊர்வலமாக வந்தார்கள். அதில் அக்காவும் இருந்தார். ஓட்டியது ஆண்கள் சைக்கிள். அதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார், முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதற்காக. நம் மாவட்டத்தில் நிறையப் பெண்கள் அதே காரணத்துக்காக அந்த வண்டியைக் கேட்டார்கள். ஒரு பெண் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் தானே ஏற்றிக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் பக்கத்து ஊருக்குப் போய்வர முடிந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆடி மாதம் வந்தால் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய் விருந்து நடக்கும். உங்களுக்குத் தெரியாதது இல்லை. விருந்து வைத்தவர் வாங்கிய மொய்யை, அதைக் கொடுத்தவர்கள் வீட்டு விருந்தின்போது திருப்பிச் செய்ய வேண்டும். மேலே புது மொய்யும் கொஞ்சம் வைக்க வேண்டும். வங்கிக்குப் போய் நிற்க முடியாதவர்களுக்கு இதுதான் கிணறு வெட்டவும் பிள்ளை படிக்கவும் கைகொடுத்த பணம். எல்லாக் கணக்கும் ஒரு நோட்டில் இருக்கும். அந்த நோட்டு வீட்டு ஆம்பளையின் பெட்டியில் இருக்கும்.

அந்த ஆம்பளை செத்துப்போனால்? அக்கா கேட்டது இந்தக் கேள்வியைத்தான். புருஷனை இழந்தவளுக்கு நோட்டைப் படிக்கத் தெரியாது. வர வேண்டிய மொய்க்காரர் சத்தமில்லாமல் இருந்துவிடுவார். போக வேண்டிய மொய்க்கு மட்டும் ஆள் வாசலுக்கு வந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் அக்கா முதலில் கையில் எடுத்தது இந்த நோட்டுகளைத்தான். சாயங்காலம் ஒரு வீட்டுக்குப் போவார், பெட்டியைத் திறக்கச் சொல்வார், பெயர், ஊர், தொகை என்று ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிப்பார். தரவேண்டியது தனி, வரவேண்டியது தனி என்று புதுத் தாளில் எழுதிக் கொடுப்பார். அப்புறம் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். சண்டை போட மாட்டார். ‘அண்ணே, உங்க வீட்டு விசேஷத்துக்கு இவுக வீட்டுல செஞ்சது நோட்டுல இருக்கு, பாத்துக்கங்க’ என்று சொல்லி, அந்தப் பக்கத்தைக் காட்டுவார். அவ்வளவுதான். எழுதி இருப்பதைக் காட்டும்போது இல்லை என்று சொல்ல ரொம்பப் பேருக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு பந்தலில் மொய் எழுதும் மேசையிலேயே போய் உட்கார்ந்தார். அதுவரை அங்கே ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அடுத்த ஆடியில் அவர்களே ‘அக்கா கணக்குல ஒரு ரூபா பிசகாது’ என்று கூப்பிட்டார்கள். இப்போது கம்ப்யூட்டரில் பில் அடிக்கிறார்கள், மிஷினில் பணம் எண்ணுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அறிவொளி என்ன சாதித்தது என்று யாராவது என்னைக் கேட்டால், புள்ளிவிவரத்துக்கு முன்னால் இந்த நோட்டைத்தான் சொல்வேன்.

1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வந்தபோது நிற்கச் சொன்னோம். மாட்டேன் என்றார். கிராம சபையில் மட்டும் தவறாமல் முன்னால் வந்து உட்கார்ந்து, வரவு செலவைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார்.

கஜா புயலை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2018 நவம்பர் 16 விடியும்போது தென்னை இல்லை, பலா இல்லை, கரண்ட் இல்லை. அக்காவுக்கு எழுபதுக்கு மேல். கோயில் அண்டாக்களை எடுத்து அடுப்பு மூட்டச் சொன்னார். உலை கொதிப்பதற்குள் எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி, எந்த வீட்டில் தனியாகக் கிழவி என்று எழுதி முடித்துவிட்டார். நிவாரண லாரிகள் மெயின் ரோட்டிலேயே நின்று, ரோட்டோரத்து ஆட்களுக்கே பொருள் போய்க்கொண்டிருந்தது. அக்கா ஒரு லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, காலனிக்குப் போகாமல் இறங்க மாட்டேன் என்றார். மரங்களை வெட்டி வழி எடுத்து லாரி உள்ளே போனது.

இதெல்லாம் சும்மா வரவில்லை. அவருடைய பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். உங்கள் அம்மாவை ஊரோடு பங்கு போட்டுக்கொண்டீர்கள். அம்மா வகுப்புக்குப் போன ராத்திரிகளில் பெரியவள் சோறு வடித்தாள். தம்பிகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அம்மா வேறொரு வீட்டில் இருந்ததுண்டு. அதில் உங்களுக்கு வருத்தம் இருந்தது, அக்காவுக்கும் அது தெரியும். ஊர் நன்றி சொல்கிறபோது உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அக்கா பார்த்துவந்த வேலைகள் அப்படியே நிற்கின்றன. முதியோர் பென்ஷனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பிரசவத்துக்கான முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கு மனு கொடுத்து வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். இரண்டு வீட்டு மொய் நோட்டு பாதியில் நிற்கிறது. எதை யார் எடுத்துக்கொள்வது என்று பேச வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளிர் குழு கூடுகிறது. ஆண்களும் வரலாம். வரும்போது அவரவர் வீட்டு மொய் நோட்டையும் எடுத்து வாருங்கள்.