நாலு பிஎஸ்ஐ காற்றுக்கு மூன்று வாரப் போராட்டம்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிவது என் ஷெட். சுவரில் தொங்குகிற தெர்மாமீட்டர் 6 டிகிரி காட்டுகிறது. வாயிலிருந்து வருவது மூச்சுதான், சிகரெட் புகை இல்லை. அம்மா இந்த வீடியோவைப் பார்ப்பார், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வீடியோவில் ட்ரயல்ஸ் பைக்கின் பின்டயரில் காற்று நிற்கவில்லை என்று புலம்பினேன், ஞாபகம் இருக்கிறதா? மூன்று வாரம் ஆகிவிட்டது. இப்போது நிற்கிறது. எப்படி என்று சொல்கிறேன். நடுவில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு நிமிடம். ட்ரயல்ஸ் என்பது ரேஸ் இல்லை. பாறை, ஓடை, மரவேர், சேறு என்று ஒரு சின்னப் பாதையைக் கயிறு கட்டிக் குறித்து வைத்திருப்பார்கள், அதற்கு செக்‌ஷன் என்று பெயர். அதைக் காலை ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ எல்லைக்கு வெளியே போனாலோ 5. குறைவாக வாங்கியவர் ஜெயித்தார். நான் இங்கே இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் கிளப் போட்டிகளுக்குப் போகிறேன். பெரும்பாலும் 5 வாங்குவதற்காகவே போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதோ பைக். சீட் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, எடை 70 கிலோ பக்கம். பின்சக்கரம் 18 இஞ்ச், டயர் அளவு 4.00-18. டோனி பௌ என்று ஒருவர் இருக்கிறார், ஸ்பெயின்காரர். 2007 முதல் 2024 வரை ஒரு வருடம்கூட விடாமல் உலக சாம்பியன். அவர் ஏறுகிற பாறை என் தலைக்கு மேலே இருக்கும். ஆனால் அவர் பின்சக்கரத்தில் இருப்பதும் இதே 4.00-18தான். எனவே டயர் சின்னது என்று நான் சாக்கு சொல்ல முடியாது.

இப்போது இதைப் பாருங்கள். கட்டைவிரலால் அமுக்குகிறேன், உள்ளே போகிறது. ஊரில் பஞ்சர் கடை அண்ணனிடம் காட்டினால் "தம்பி, காத்தே இல்லையே" என்பார். உள்ளே 4 பிஎஸ்ஐ இருக்கிறது. இந்த விளையாட்டில் பின்டயருக்கு அவ்வளவுதான். காருக்கு 32 போடுகிறோம், இதற்கு 4. டயர் பாறையின் மேல் மாவு மாதிரி படிய வேண்டும். 7 போட்டால் ஈரப்பாறையில் வழுக்கும். 3க்குக் கீழே இறங்கினால் டயர் துவண்டு பக்கவாட்டில் ஆடும், ரிம் பாறையில் இடிக்கும்.

இவ்வளவு குறைந்த காற்றில் உள்ளே ட்யூப் இருந்தால் என்ன ஆகும்? கூர்மையான பாறை முனையில் மோதும்போது டயர் ரிம் வரைக்கும் நசுங்கும். நடுவில் மாட்டிக்கொண்ட ட்யூபில் அருகருகே இரண்டு கிழிசல் விழும். அது மட்டுமில்லை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது டயர் ரிம்மின் மேல் நழுவிச் சுற்றி, வால்வைப் பிய்த்துக்கொண்டு போகும். அதைத் தடுக்கத்தான் பழைய பைக்குகளில் ரிம் லாக் போடுவார்கள். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கிற ஒரு கவ்வி அது. ட்யூப்லெஸ்ஸில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. முள் குத்தினாலும் காற்று புஸ்ஸென்று போகாது, மெதுவாக இறங்கும். செக்‌ஷனை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் முன்சக்கரத்தில் எல்லாரும் போலவே நானும் ட்யூப்தான் வைத்திருக்கிறேன். 21 இஞ்ச், ஒல்லி டயர், 6 பிஎஸ்ஐ. எஞ்சின் அந்தச் சக்கரத்தை முறுக்குவதில்லை, அதனால் ஒழுங்காக இருக்கிறது. ஒழுங்காக இருப்பதில் கை வைக்க மாட்டேன்.

சரி, கதைக்கு வருவோம்.

சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்குள் 20 டிகிரி சூட்டில் பைக்கை வைத்து 4 பிஎஸ்ஐ அடிக்கிறேன். ஆமாம், ஹாலில்தான். மனைவி ஊரில் இல்லை. ஞாயிறு காலை மலைமேல் 3 டிகிரி. கேஜ் வைத்துப் பார்த்தால் 2.9. லீக் என்று முடிவு கட்டி, வால்வு பின்னை மாற்றினேன். அடுத்த வாரமும் அதே கதை. டயரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன், ஒன்றிரண்டு குமிழிதான் வந்தது. கால்வாசிக்கு மேல் காற்று போகிற அளவுக்கு லீக் இருந்தால் தொட்டி கொதிக்கிற மாதிரி இருக்க வேண்டாமா?

அப்புறம்தான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். வெளிக்காற்றே 14.7 பிஎஸ்ஐ அழுத்துகிறது. ஆக டயருக்குள் உண்மையில் இருப்பது 18.7. வெப்பம் 20 டிகிரியிலிருந்து 3க்கு இறங்கினால், கெல்வின் கணக்கில் 293லிருந்து 276. அந்த விகிதத்தில் 18.7 என்பது 17.6 ஆகிவிடும். அதிலிருந்து 14.7ஐக் கழித்தால் 2.9. கேஜ் காட்டிய அதே எண்! காற்று ஒரு துளிகூட வெளியே போகவில்லை, குளிரில் சுருங்கியிருக்கிறது.

இதே குளிர் கார் டயருக்கும்தான் அடிக்கிறது. அங்கே 32ல் 2.7 போகும், யாரும் கவனிக்க மாட்டோம். இங்கே 4ல் 1.1 போனால் கால்வாசிக்கு மேல் காணாமல் போய்விட்டது. எனவே காற்றைப் போட்டி நடக்கிற இடத்தில், பைக் வெளிக்குளிருக்குப் பழகிய பிறகு அடியுங்கள். கேஜ் 0 முதல் 15 வரை காட்டுகிறதாக இருக்கட்டும். பெட்ரோல் பங்க் கேஜில் 4 என்பது முள் எழுந்திருக்கவே யோசிக்கிற இடம்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஒரே பெருமை. நண்பர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பினேன். மூன்றாவது ஞாயிறு மலையிலேயே வைத்து 4 அடித்தேன், மத்தியானம் பார்த்தால் 2.5. அன்று வெப்பம் கூடியிருந்ததே தவிர குறையவில்லை. ஆக லீக்கும் இருந்திருக்கிறது. தொட்டியில் வந்த அந்த ஒன்றிரண்டு குமிழியை நான் மதிக்கவில்லை.

மறுபடி தொட்டி. குமிழி ஒரு ஸ்போக் நிப்பிள் பக்கத்திலிருந்து வந்தது, அதாவது ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கிற சின்ன நட் பக்கத்திலிருந்து. இங்கேதான் ட்ரயல்ஸ் ரிம்மைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும், மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஸ்போக் வீலில் ரிம்மைத் துளைத்து நிப்பிள் போடுகிறோம், முப்பது சொச்சம் ஓட்டை. ஓட்டையுள்ள பாத்திரத்தில் காற்றை எப்படி நிறுத்துவது? இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, ரிம்மின் நடுவில் வெளிப்பக்கமாக ஒரு வரப்பு மாதிரி எழுப்பி, ஸ்போக்குகளை அந்த வரப்பில் கோர்ப்பது. காற்று இருக்கிற பக்கம் துளையே இருக்காது. இன்னொன்று, வழக்கம்போலத் துளை போட்டுவிட்டு, உள்ளே சுற்றிலும் தடித்த ரப்பர் பட்டை ஒன்றை இறுக்கமாக உட்கார வைப்பது. வால்வும் அந்தப் பட்டையோடு சேர்ந்தே வரும். என்னுடையது இரண்டாவது ரகம்.

நான் அந்த நிப்பிளை மட்டும் குற்றவாளி என்று நினைத்து, வெளியிலிருந்து சீலண்ட் பூசினேன். இரண்டு நாள் காயவிட்டேன். மறுபடி முக்கினால் குமிழி நாலு ஸ்போக் தள்ளி வேறொரு நிப்பிளில் வருகிறது! கூரை ஒழுகுகிற வீட்டில் இருந்தவர்களுக்குப் புரியும். ஓடு உடைந்தது ஓரிடம், சொட்டுவது வேறிடம். பட்டை எங்கோ ஓரத்தில் தூக்கியிருக்கிறது, காற்று அதன் அடியில் ஊர்ந்து போய் வழி கிடைத்த நிப்பிளில் வெளியே வருகிறது. வெளியிலிருந்து அடைக்கிற வேலை வீண். டயரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றுவது. ஐயோ.

டயரின் ஓரத்தில் கம்பி வைத்த விளிம்பு இருக்கிறதே, பீட் என்பார்கள், அது ட்ரயல்ஸ் ரிம்மில் ஒரு சின்ன மேட்டைத் தாண்டி உட்கார்ந்திருக்கும். அந்த மேடு இருப்பதால்தான் 4 பிஎஸ்ஐயில் ரிம் லாக் இல்லாமலே டயர் நழுவாமல் நிற்கிறது. அதே மேடுதான் கழற்றும்போது எமன். காலால் மிதித்தேன், லிவர் போட்டேன், அசையவில்லை. கடைசியில் காரின் பின்னால் இருக்கிற கொக்கிக்கு அடியில் நீளமான பலகையின் ஒரு முனையைச் செருகி, நடுவில் டயர் விளிம்பின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, மறுமுனையில் நான் ஏறி உட்கார்ந்தேன். நெம்புகோல்தான். "டொக்" என்று ஒரு சத்தம், விட்டுவிட்டது. கட்டை ரிம்மில் படாமல் ரப்பரில் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினிய ரிம் ஒரு தடவை வளைந்தால் அப்புறம் காற்று நிற்காது.

உள்ளே பட்டையை எடுத்துப் பார்த்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது, உப்பு படிந்த மாதிரி. எனக்கு முன் வைத்திருந்தவரோ நானோ, ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் பிரஷர் வாஷரை நேராக நிப்பிளில் அடித்துக் கழுவியிருக்கிறோம். தண்ணீர் நிப்பிள் வழியாக உள்ளே புகுந்து பட்டைக்கு அடியில் குடியிருந்திருக்கிறது. பூத்த இடத்தில் பட்டை படியுமா? பழைய பட்டையும் விறைத்துப்போய், மடக்கினால் வெடிப்பு தெரிந்தது.

ஒரு முழுச் சாயங்காலம் பாத்திரம் தேய்க்கிற நார் போட்டுத் தேய்த்தேன். விரலை ஓட்டினால் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், ஒரு பருக்கைகூடக் கூடாது. நிப்பிள்களுக்கு மேலே எந்த ஸ்போக் முனையும் துருத்தவில்லை என்று பார்த்தேன். ஒன்று துருத்தியது, அரத்தால் ராவினேன். அப்புறம் புதுப் பட்டை, சோப்புத் தண்ணீர் தடவி.

டயரை ஏற்றுவது சுலபம், காற்றைப் பிடிக்க வைப்பதுதான் கஷ்டம். விளிம்பு இரண்டும் ரிம்மின் குழியில் கிடக்கும். அடிக்கிற காற்று அந்த இடைவெளி வழியாக ஓடிவிடும். ஊராக இருந்தால் டயரை மொட்டைமாடி வெயிலில் அரை மணி போட்டால் இளகிவிடும். இங்கே வெயிலுக்கு எங்கே போக? ரேடியேட்டரின் மேல் வைத்தேன். சரக்கு கட்டுகிற ராட்செட் பட்டையை டயரின் நடுவில் சுற்றி இறுக்கினால் விளிம்புகள் இரண்டு பக்கமும் விரியும். வால்வு பின்னைக் கழற்றிவிட்டு கம்ப்ரெசரை வையுங்கள், காற்று மொத்தமாக உள்ளே பாயும். பிடித்ததும் ராட்செட் பட்டையை அவிழ்த்துவிட்டு மேலும் அடிக்க வேண்டும். 40 பிஎஸ்ஐ பக்கத்தில் "டப்" என்று ஒரு பக்கம், கொஞ்ச நேரத்தில் மறுபக்கம். விரலை அருகில் கொண்டு போகாதீர்கள். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கிற அளவைத் தாண்டாதீர்கள், உட்காரவில்லை என்றால் காற்றை விட்டுவிட்டு மறுபடி சோப்பு. ரிம்முக்குப் பக்கத்தில் டயரில் மெல்லிய கோடு ஒன்று இருக்கும். அது சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது.

கழற்றியதற்கு ஒரு லாபமும் உண்டு. டயரைத் திருப்பிப் போட்டுவிட்டேன். டயரின் மேல் துருத்திக்கொண்டிருக்கிற ரப்பர் கட்டைகளின் முன்விளிம்பு மழுங்கியிருந்தது, மறுபக்கம் இன்னும் கூர்மை. இங்கே பலர் அப்படித்தான் ஒரு டயரை இரண்டு டயராக ஓட்டுகிறார்கள்.

ஊரிலிருந்து நிறையப் பேர் கேட்ட கேள்வி: "ப்ரோ, ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக் ஸ்போக் ரிம்மில் டேப் ஒட்டி ட்யூப்லெஸ் ஆக்கலாமா?" டேப்பும் சீலண்டும் துளையை அடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்ன அந்த மேடு? அதை டேப் கொண்டு வராது. ரிம்மில் அளவு பொறித்திருக்கும், பாருங்கள். எம்டி என்று தொடங்கினால் மேடு உள்ள ரிம். டபிள்யூஎம் என்றால் ட்யூபுக்காகச் செய்தது. மேடு இல்லாத ரிம்மில் காற்று இறங்கினால் விளிம்பு குழிக்குள் சரியும், அது நெடுஞ்சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் போட மாட்டேன்.

இன்னொன்று, பஞ்சரானால் அடைக்கிற புழு மாதிரி ரப்பர் திரி. ட்ரயல்ஸ் டயர் மெல்லியது, திரி ஆடி ஆடி வெளியே வந்துவிடும். அன்றைக்கு வீடு திரும்ப மட்டும் போதும். வந்ததும் கழற்றி, உள்பக்கமிருந்து காளான் வடிவ ஒட்டு போட்டுவிடுங்கள். இதே யார்க்‌ஷயரில் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் அக்டோபரில் நடக்கிற ஸ்காட் ட்ரயலில் புள்ளியோடு நேரமும் கணக்கு, 1914ல் தொடங்கிய போட்டி அது. அங்கே போகிறவர்கள் மலைமேல் நின்றுகொண்டே எல்லாம் செய்வார்கள். எனக்கு அதற்குக் கையும் பத்தாது, காலும் பத்தாது.

சரி, இப்போது நேரலையாகப் பார்ப்போம். நேற்று ராத்திரி இதே ஷெட்டில், இதே 6 டிகிரியில், 4 அடித்து வைத்தேன். வால்வு மூடியைக் கழற்றுகிறேன்... கேஜ்... கொஞ்சம் பக்கத்தில் காட்டுகிறேன், ஃபோகஸ் ஆகிறதா? 3.9. அந்த 0.1 கேஜ் வைக்கும்போது போன புஸ். மூடியைப் போட்டுவிடுகிறேன்... எங்கே போட்டேன்? இப்போது கையில் இருந்ததே. கீழே உருண்டுவிட்டது போல. இருங்கள், டார்ச் எடுத்து வருகிறேன்.