ஊர் பார்க்க நடந்த கொலை: மவுத்ஹவுசன் வதைமுகாம்

திரையில் தெரிகிற இந்தக் கல் படிக்கட்டில் 186 படிகள் இருக்கின்றன. இடம் ஆஸ்திரியா, லின்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் மவுத்ஹவுசன். ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்ட ஐந்தே மாதத்தில், 1938 ஆகஸ்டில், நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ். இங்கே வதைமுகாமைத் தொடங்கியது. காரணம், இங்கிருந்த கருங்கல். ஹிட்லர் கட்ட நினைத்த பிரம்மாண்டக் கட்டடங்களுக்குக் கல் வேண்டும், கூலி கேட்காமல் அதை உடைக்க ஆள் வேண்டும். இதற்கென்றே எஸ்.எஸ். சொந்தமாக ஒரு கம்பெனி நடத்தியது.

கைதிகள் சுமந்த கற்களில் சில 50 கிலோ வரை இருக்கும். சுமக்கிறவர்களுக்குச் சாப்பாடு தண்ணீராக ஒரு சூப்பும் கொஞ்சம் ரொட்டியும்தான். வரிசையாக ஏறும்போது மேலே ஒருவர் தடுமாறினால், அவரும் அவர் கல்லும் பின்னால் வருகிறவர்கள் மேல் விழுவார்கள். சிலரைக் காவலர்கள் குவாரியின் உச்சியிலிருந்தே கீழே தள்ளிவிட்டு, அவர்களுக்குப் 'பாராசூட் வீரர்கள்' என்று பெயரும் வைத்தார்கள். வேலை செய்ய வைத்தே கொல்வதுதான் இங்கே திட்டம். 1941-ல் முகாம்களைத் தரம் பிரித்தபோது, இதற்கும் பக்கத்திலிருந்த கூசனுக்கும் மட்டும்தான் மிகக் கொடிய மூன்றாம் தரம். இதிலும் இதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்ட சுமார் 1,90,000 பேரில் குறைந்தது 90,000 பேர் செத்துப்போனார்கள்.

இதெல்லாம் மறைவாக நடக்கவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம். 1941-ல் பக்கத்துப் பண்ணையைச் சேர்ந்த ஒரு பெண், சுடப்பட்டவர்கள் மணிக்கணக்கில் உயிரோடு கிடப்பதைப் பார்த்து அதிகாரிகளுக்குப் புகார் எழுதினார். இதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எங்கள் கண்ணில் படாத இடத்தில் செய்யுங்கள் என்று கேட்டார்.

அதே ஊரில் அன்னா பாய்ன்ட்னர் என்ற பெண்ணும் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல முதலில் ஸ்பெயின்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி ஃபிராங்கோவிடம் தோற்று, பிரான்சில் அடைக்கலம் தேடி, அங்கே ஜெர்மானியர்களிடம் சிக்கிய 7,000-க்கும் மேற்பட்டவர்கள் இங்கே வந்தார்கள். பாதிக்கும் மேல் உயிரோடு திரும்பவில்லை. அவர்களில் ஒருவர் பார்சிலோனாவின் இளம் புகைப்படக்காரர் ஃபிரான்செஸ்க் போய்ஷ். முகாமின் புகைப்படப் பிரிவிலேயே அவருக்கு வேலை. எஸ்.எஸ். எடுத்த படங்களின் நெகட்டிவ்களை அவரும் தோழர்களும் ஒளித்துவைக்க, வெளியே வேலைக்குப் போய்வந்த ஸ்பானிய இளைஞர்கள் அவற்றைக் கடத்திக்கொண்டு போனார்கள். மாட்டினால் மரணம்தான். பாய்ன்ட்னர் அவற்றை வாங்கித் தன் தோட்டத்துச் சுவரில் மறைத்துவைத்தார்.

1945 மே 5-ல் அமெரிக்கப் படை வந்தது. 1946 ஜனவரியில், நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தில் போய்ஷ் சாட்சி சொன்னார். எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரோடு முகாமுக்கு வந்திருந்த எஸ்.எஸ். உயரதிகாரி கால்டன்புருன்னரை அந்தப் படங்களில் அடையாளம் காட்டினார். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் கால்டன்புருன்னரும் ஒருவர். அதே ஆண்டு அக்டோபரில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.