துரை தொப்பியைக் கழட்டிய அம்மன்

(மூணாறில் பொங்கல் விழாவை ஒட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘பழைய பதக்கங்களும் டோக்கன்களும் ஏலத்தில் எகிறும் விலைக்குப் போவது வரலாற்றுக்கு வாழ்வா, வெறும் வியாபாரமா?’ ‘வாழ்வே’ அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். ரெண்டு அணிக்கும் வணக்கம். இந்தக் குளிர்ல கம்பளியைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கிற எங்க எஸ்டேட் சனங்களுக்கு மட்டும் ரெண்டு வணக்கம். ஒண்ணு வந்ததுக்கு, இன்னொண்ணு எங்க அணித்தலைவர் பேசி முடிச்ச பிறகும் எழுந்து போகாததுக்கு.

போடியிலிருந்து மலையேறி வந்திருக்கிற எதிரணித் தம்பி போற போக்குல ரெண்டு குத்து குத்திட்டுப் போய் உக்காந்திருக்காரு. முதல் குத்து, “மலைக்காரங்களுக்கு ஏலக்காய் ஏலம்தான் தெரியும், பதக்க ஏலத்தைப் பத்தி என்ன தெரியும்?” ரெண்டாவது குத்து, “தாத்தா பதக்கத்தை ஏலம் விடுறவன் நாளைக்குத் தாத்தாவையே ஏலம் விடுவான்.” நீங்களும் கை தட்டினீங்க. தட்டினவங்களை எல்லாம் பாத்து வெச்சிருக்கேன்.

தம்பி, ஏலக்காய் ஏலம் நடக்கிறதே ரெண்டு இடம். ஒண்ணு எங்க புற்றடி, இன்னொண்ணு உங்க போடி. போடியில பொறந்துட்டு ஏலத்தைக் கேலி பண்றது, சிவகாசிக்காரன் பட்டாசைப் பாத்து ‘சத்தம் சாஸ்தி’ன்னு சொல்ற மாதிரி இருக்கு. கிலோ ஆயிரம் ரூபாய்க்குக் கீழ கிடந்த காலத்துல ஏலக்காய்த் தோட்டத்துக்கு யாராவது ராத்திரிக் காவல் போட்டாங்களா? பன்னி தின்னா தின்னட்டும்னு போத்திட்டுப் படுத்தாங்க. 2019 ஆகஸ்ட்ல புற்றடியில கிலோ 7,000 ரூபாய்க்குப் போச்சு. மறுநாளே தோட்டத்துக்குத் தோட்டம் டார்ச் லைட்டு, நாயி, காவக்காரன். ஸ்டோர் சாவியைப் பொண்டாட்டிகிட்ட கூடக் குடுக்காம இடுப்புலயே முடிஞ்சுக்கிட்டான். விலை வந்தா காவல் வரும். எங்க கட்சி அவ்வளவுதான். இதைப் பதக்கத்துக்குப் போட்டுப் பாருங்க.

முதல் உலகப் போர் முடிஞ்சதும் பிரிட்டிஷ்காரன் லட்சக்கணக்குல ஒரு போர்ப் பதக்கம் குடுத்தான். துப்பாக்கி பிடிச்சவனுக்கு வெள்ளியில. மூட்டை தூக்கின, ரோடு போட்ட கூலிப் படைக்கு அதே பதக்கம் வெண்கலத்துல. செத்தாலும் சாதி பாப்பான் போலிருக்கு, உலோகத்துலயே வித்தியாசம்! விளிம்புல ஆளோட நம்பர், பேரு, படை எல்லாம் பொறிச்சிருக்கும். 1980 வாக்குல உலகம் பூரா வெள்ளி விலை ஏறிச்சா, ஒருத்தனும் பேரைப் படிக்கலை. தராசுல போட்டான், உருக்குச் சட்டியில போட்டான். எத்தனையோ சிப்பாய் பேரு குத்துவிளக்கா, கொலுசா போயிடுச்சு. அன்னைக்குப் பதக்கத்துக்குன்னு விலை இல்லை, வெள்ளிக்குத்தான் விலை. இன்னைக்குச் சேகரிக்கிறவங்க கிட்ட போய்க் கேளுங்க, அந்த வெள்ளியை விட கூலிக்காரனோட வெண்கலத்துக்குத்தான் அதிகம் குடுப்பாங்க. அது அரிது. மூட்டை தூக்கினவனுக்கு நூறு வருஷம் கழிச்சு ஏலக்கடையிலதான்யா நியாயம் கிடைச்சிருக்கு!

“மியூசியத்துல குடுத்தா பத்திரமா இருக்குமே”ன்னு எதிரணியில பேராசிரியர் அம்மா சொன்னாங்க. அம்மா, தாகூரோட நோபல் பதக்கம் எங்க இருந்துச்சு? சாந்திநிகேதன் மியூசியத்துல. 2004ல திருடு போச்சு. நோபல் அறக்கட்டளை நகல் செஞ்சு குடுத்துச்சு. அசல் இன்னும் வந்து சேரலை. இதுக்கு மேல அம்மாகிட்ட நான் வாதாடலை, அவங்க என்னை விடப் பெரியவங்க.

வெளிநாட்டுக்காரன் வாங்கிட்டுப் போயிடுவானாம். நூறு வருஷம் தாண்டின பொருளை இந்தியாவை விட்டு வெளியே கொண்டு போறதுக்கு 1972லயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. போலி வருதாம். வரத்தான் செய்யுது. அனுமார் படம் போட்டு ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818’னு பொறிச்ச காசை வெச்சுக்கிட்டு லட்சம் தேறும்னு நம்புறவன் ஊருக்கு ஊரு இருக்கான். கம்பெனிக்காரன் அப்படி ஒரு அணாவை அடிக்கவே இல்லை. பழைய காசு விக்கிறேன், கமிஷன் கட்டுன்னு சொல்றவனை நம்பாதீங்கன்னு ரிசர்வ் வங்கியே 2021ல அறிக்கை விட்டுச்சு. ஆனா ஒண்ணு, அசலுக்கு மதிப்பு இல்லைன்னா எவனாவது மெனக்கெட்டுப் போலி செய்வானா?

காசுக்காக விக்கிறது கேவலம்னு சொன்னீங்க. லியோன் லெடர்மன்னு அமெரிக்க இயற்பியல் விஞ்ஞானி, ஞாபக மறதி நோய் வந்து, வைத்தியச் செலவுக்கு ஆகும்னு 2015ல அவரு நோபல் பதக்கம் ஏலத்துக்குப் போச்சு. ஏழரை லட்சம் டாலருக்கு மேல. இதுல கேவலம் யாருக்கு? பதக்கத்தை வித்தவருக்கா, நோபல் வாங்கினவரையும் ஆஸ்பத்திரி பில்லுக்குக் கவலைப்பட வெச்ச ஊருக்கா? டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான ஜேம்ஸ் வாட்சன் 2014ல தன்னோட நோபல் பதக்கத்தை வித்தாரு, நாலு மில்லியன் டாலருக்கு மேல. வாங்கின ரஷ்யப் பணக்காரர் ‘உங்க பதக்கம் உங்ககிட்டயே இருக்கட்டும்’னு திருப்பிக் குடுத்துட்டாரு. காசும் வந்துச்சு, பதக்கமும் வந்துச்சு. நம்ம ஊரு அடகுக்கடையில இப்படி ஒரு ஆளைக் காட்டுங்க பாப்போம்! ரஷ்யப் பத்திரிகையாளர் திமித்ரி முரத்தோவ் 2022ல தன்னோட அமைதிப் பரிசுப் பதக்கத்தை வித்தாரு. 10 கோடியே 35 லட்சம் டாலர். நம்ம காசுல 800 கோடி. உக்ரைன் போர்ல வீடிழந்த பிள்ளைகளுக்கே அத்தனையும். இது வியாபாரமாய்யா?

இப்ப ரெண்டாவது குத்துக்கு வர்றேன். தாத்தாவையே ஏலம் விடுவான்!

தம்பி, எங்க தாத்தாவை எங்க பாட்டி உயிரோட இருக்கும்போதே ஏலம் விட்டுப் பாத்துட்டா. பொங்கலுக்குப் பொங்கல் விடுவா. “யாராவது கூட்டிட்டுப் போங்க, ஜீப்பு வாடகை நான் தர்றேன்”னு லயத்து வாசல்ல நின்னு சத்தம் போடுவா. ஒருத்தன் கேக்கலை. அதனால அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

ஆனா மனுசனைத் தலைக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டது நாங்க இல்லைய்யா. இங்க உக்காந்திருக்கிற பாதிப் பேருக்கு இலங்கையில சொந்தம் உண்டு. அந்தக் காலத்துல இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போறப்ப கையில ஒரு தகர டிக்கெட் குடுப்பான். வட்டமா ஒரு பில்லை. அதுல தோட்டத்து நம்பர், ஆளோட நம்பர். பேரு கிடையாது. கழுத்துல மாட்டிக்கிட்டா ரயிலு, கப்பலு, கடைசியில போய்ச் சேர்ற லயம் வரைக்கும் அதுதான் நீ. ஆள் சேத்துக் குடுத்த கங்காணிக்குத் தலைக்காசு. அந்தத் தகரத்தை இன்னைக்குத் தேடித் தேடி வாங்குறாங்க. வாங்கட்டும், நல்லா விலை குடுத்து வாங்கட்டும்! தகரத்துக்கு விலையில்லாதப்ப அது என்னன்னு கேக்கக்கூட நாதியில்லை.

இப்ப எங்க பாட்டி கதை. நடுவர் ஐயா மணியைத் தேடுறாங்க. ஐயா, கொஞ்சம் கையை எடுங்க.

எங்க லயத்துல ஒரு அம்மன் இருந்தா. கோயில் இல்லை, பூசாரி இல்லை. எங்க பாட்டி வீட்டு மாடத்துல. வட்டமா ஒரு வெண்கலத் தட்டு, சின்னப் பிள்ளை சாப்பிடற தட்டு அளவு இருக்கும், தூக்கினா கனம். அதுல ஒரு பொம்பளை நிக்கிறா. கையில சூலம், பக்கத்துல சிங்கம். சொல்லுங்க, யாரு? ஆங்! இங்கயே ஒரு அம்மா “காளி”ங்கிறாங்க. எங்க பாட்டியும் அதைத்தான் சொன்னா. சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து அவ அம்மா கொண்டாந்தது. செவ்வாய், வெள்ளி மஞ்சள், குங்குமம், வேப்பிலை. பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தா பாட்டி மாடத்துலதான் வந்து துண்ணூறு வாங்குவாங்க.

இதுல ஒரு சண்டை. அந்தத் தட்டுல சிங்கம் மட்டும் இல்லை, மேல ரெண்டு மீனும் இருக்கு. பக்கத்து லயத்துல மதுரைப் பக்கத்துச் சனம். “மீனு இருக்கில்ல, அப்ப இது மீனாட்சி. எங்க ஊரு சாமி உங்க வீட்டுல எதுக்கு?”ன்னு கிளம்பிட்டாங்க. எங்க பாட்டி விட்டாளா? “மீனாட்சி கையில கிளிதான்டி இருக்கும், சூலம் எங்க இருக்கு?” “சிங்கத்துக்கு மீனு திங்கக் குடுத்திருக்கும், உனக்கென்ன?” ரெண்டு வருஷம் ஓடிச்சு சண்டை. கொழுந்து எடுக்கிற இடத்துல நிரைக்கு நிரை கத்திக்குவாங்களாம். கடைசியில கங்காணி தீர்ப்பு சொன்னாரு, “செவ்வாய்க்கிழமை காளி, வெள்ளிக்கிழமை மீனாட்சி, மத்த நாளு கொழுந்து எடுங்க.” ஐயா, நீங்க இன்னைக்குச் சொல்லப் போற தீர்ப்பு அதை விட நல்லா இருக்கணும், ஆமா.

ஒரு நாள் எஸ்டேட்டு துரை லயத்தைப் பாக்க வந்தாரு. வெள்ளைக்காரத் துரை. ஒழுகுற கூரையைப் பாக்க வந்தவரு எங்க வீட்டு வாசல்ல தலையை நீட்டினாரு. மாடத்தைப் பாத்தாரு. அப்படியே நின்னுட்டாரு. தொப்பியைக் கழட்டினாரு. நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டாரு. தலையைக் குனிஞ்சாரு. இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரு, ஒருத்தருக்கும் விளங்கலை. போயிட்டாரு. அவ்வளவுதான்! ‘துரையே தொப்பியைக் கழட்டின அம்மன்’னு லயம் பூரா பேச்சு. அந்த வாரம் மாடத்துக்கு முன்னால வரிசை. மதுரைக்காரங்களும் வரிசையில. பாட்டிக்கு அன்னைக்கு வந்த கித்தாப்பு சாகிற வரைக்கும் இறங்கலை. கூரை மட்டும் ஒழுகிக்கிட்டுதான் இருந்துச்சு.

வருஷம் ஓடிப் போச்சு. நான் வளந்து வேலைக்குப் போன பிறகு, கோயமுத்தூர்லருந்து ஒருத்தர் வந்தாரு. பழைய காசு, பதக்கம் சேக்கிறவரு. விலைக்கு வாங்குறேன்னு லயம் லயமா கேட்டுக்கிட்டு வந்தவரை எவனோ பாட்டிகிட்ட அனுப்பிட்டான். அவரு மாடத்தைப் பாத்துட்டு, “பாட்டி, தொடலாமா?”ன்னு கேட்டாரு. பாட்டி, “செருப்பைக் கழட்டிட்டுத் தொடு”ன்னா. ஈரத்துணியால மெதுவா மஞ்சளை ஒத்தி எடுத்தாரு. சிங்கத்துத் தலைக்கு மேல ஒரு சின்னக் கட்டம், குங்குமம் அப்பி மூடிப் போயிருந்துச்சு. அதுக்குள்ள எழுத்து. லென்ஸை வெச்சுக்கிட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சாரு. வெள்ளைக்காரன் எழுதின தமிழ்ப் பேரு, வாயில நுழையலை. ரெண்டு தரம் படிச்சாரு.

பாட்டி எந்திரிச்சு நின்னுட்டா. “அது எங்கய்யா பேருல்லா?”

ஆமாய்யா. அது காளியும் இல்லை, மீனாட்சியும் இல்லை. பிரிட்டானியா, பிரிட்டன் தேசத்தையே பொம்பளையா வரைஞ்ச உருவம். முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் படையில செத்தவங்க வீட்டுக்கு அனுப்பின நினைவுத் தட்டு. பதவி போட மாட்டான், பேரு மட்டும்தான். சுத்தி ஒரு வரி, ‘சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் இறந்தான்’. யாரு சுதந்திரம்னு கேக்காதீங்க, அது அடுத்த பொங்கலுக்குப் பட்டிமன்றம். பாட்டியோட அப்பா மெட்ராஸ் சேப்பர்ஸ், பட்டாளத்துக்குப் பாலம் கட்டுற, பாதை போடுற படை. பட்டாளத்துல அவங்களுக்கு ‘தம்பி’ன்னுதான் பேரு. மெசபடோமியாவுக்குப் போனவரு, இப்ப ஈராக்குங்கிறோமே அங்க, திரும்பலை. கைப்பிள்ளையா இருந்தா பாட்டி. முகம் தெரியாது. ஒரு போட்டோ கிடையாது. அவ அம்மா அந்தத் தட்டுக்கு விளக்கு வெச்சா, என்னன்னு சொல்லாமலே செத்துப் போனா. மக அதைச் சாமின்னு நினைச்சு அறுபது எழுபது வருஷமா குங்குமம் வெச்சிருக்கா. அவ வெச்ச குங்குமமே அவ அப்பன் பேரை மூடிடுச்சு.

அன்னைக்குப் பாட்டி அழுத அழுகை... அப்பன் செத்ததுக்கு அழுறதுக்கு அவளுக்கு அன்னைக்குத்தான்யா நேரம் வந்துச்சு. மதுரைக்காரங்க எல்லாம் வந்து கட்டிக்கிட்டு ஒப்பாரி வெச்சாங்க. செத்து எண்பது வருஷம் ஆனவருக்குத் தேயிலைக்காட்டுல துஷ்டி!

அந்தக் கோயமுத்தூர்க்காரரு விலை சொன்னாரு. எங்க மாமா நின்ன இடத்துல உக்காந்துட்டாரு. பாட்டி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, “காப்பி குடிச்சுட்டுப் போ ராசா”ன்னா.

விக்கலை. போடித் தம்பி துள்ளுறாரு, “அப்ப எங்க கட்சிதானே ஜெயிச்சுச்சு!” ஜெயிச்சுட்டுப் போங்க தம்பி. உங்களுக்கே மாலை போடச் சொல்றேன். ஆனா அந்தத் தட்டுக்கு ஒரு விலை இல்லைன்னா கோயமுத்தூர்லருந்து எவன்யா எங்க லயத்துக்கு ஏறி வரப் போறான்? எவன்யா லென்ஸ் வெச்சுப் படிக்கப் போறான்? எங்க பாட்டி அப்பன் பேரைக் கேக்காமலே போயிருப்பாளே! நடுவர் ஐயா, நீங்க எந்தப் பக்கம் தீர்ப்பு சொன்னாலும் சரி, எனக்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டுச் சொல்லுங்க.

மணி அடிச்சுட்டாங்க. ஒரே ஒரு வார்த்தை. பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது பழைய பித்தளை, வெண்கலம்னு ஏதாவது கையில சிக்கினா பழைய பாத்திரக்காரன்கிட்ட போடறதுக்கு முன்னால விளிம்பைத் திருப்பி ஒரு தடவை படிச்சுருங்க. படிக்கத் தெரியலைன்னா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகிட்ட குடுங்க. தயவு செஞ்சு புளி போட்டு மட்டும் தேய்ச்சுராதீங்க, விலை பாதியா போயிடும். நன்றி, வணக்கம்!